நாலு வயிறும் வயிறே இல்லாத மீனும்

கெண்டை மீனுக்கு வயிறு கிடையாது.

தொப்பையைச் சொல்லவில்லை. அது ஆபீஸில் உட்கார்ந்து வேலை பார்க்கும் நம்மைப் போன்றவர்களின் தனிச் சொத்து. நான் சொல்வது இரைப்பையை. அந்தப் பை கெண்டைக்கு நிஜமாகவே இல்லை. ரோகு, கட்லா, மிர்கால் என்று குளத்தில் வளர்த்து விற்கிறார்களே, அந்தக் குடும்பம் மொத்தத்துக்கும் இல்லை. வாய், தொண்டை, உடனே குடல்.

இதை நான் தெரிந்து கொண்டது தவளக்குப்பம் ரோட்டோரத்தில் ஏரி மீன் விற்கும் அக்காவிடம். அரிவாள்மனையில் மீனை ஒரே கீறலாகக் கீறி உள்ளேயிருந்ததை உருவிப் பூனைக்குப் போட்டபோது சும்மா இருக்க மாட்டாமல் கேட்டேன்.

"ஏன்க்கா, இதுல வயிறு எது?"

"கெண்டைக்கு ஏது தம்பி வயிறு? தொண்டைல ஆரம்பிச்சா கடேசி வரைக்கும் கொடலுதான்."

"அப்ப விரால்?"

"அதுக்கு இருக்கும், பையாட்டம். போன வாரம் ஒண்ணுத்துக்குள்ள முழுத் தவள இருந்திச்சி. இன்னா, தல வேணுமா, வேணாமா?"

தலை வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்து புத்தகத்தைப் புரட்டினால் அக்கா சொன்னது அத்தனையும் சரி. மீன் இயலில் எம்.எஸ்ஸி. படித்தவர்கள் இரண்டு செமஸ்டரில் தெரிந்துகொள்வதை அந்த அம்மாள் அரிவாள்மனையில் தெரிந்து வைத்திருக்கிறார்.

வயிறு இல்லாவிட்டால் என்ன குடி முழுகிப் போகிறது? வயிறு என்பது முக்கியமாக ஒரு கிடங்கு. பெரிய இரையை ஒரே மூச்சில் விழுங்கி, ஆசிட் ஊற்றி ஊறவைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்கு அனுப்புகிற இடம். விரால் வேட்டைக்காரன். தவளை இன்றைக்குக் கிடைக்கும், நாளைக்குக் கிடைக்காது. கிடைத்தபோது முழுசாக உள்ளே தள்ளிக் கொள்ள அதற்குப் பை வேண்டும். கெண்டை அப்படி இல்லை. பாசி, புழு, மட்கின இலை என்று நாள் பூரா கொறித்துக்கொண்டே இருக்கும். (எங்கள் செக்ஷனிலும் ஒருவர் இருக்கிறார். மேஜை டிராயரில் ஃபைல் இருக்காது. முறுக்கு இருக்கும்.) கொறிப்பவனுக்குக் கிடங்கு எதற்கு?

மெல்லுவதற்கு என்ன செய்யும் என்றால், அங்கேதான் ஒரு வேடிக்கை. கெண்டையின் வாயில் பல்லே கிடையாது. தைரியமாக விரலை விடலாம். ஆனால் தொண்டைக்குள்ளே, செவுளுக்குப் பின்னால், அம்மிக் குழவி மாதிரி பற்கள் இருக்கின்றன. மேலே கெட்டியான ஒரு தட்டு. இரண்டுக்கும் நடுவில் அரைபட்டுத்தான் தீனி குடலுக்குள் இறங்குகிறது. அடுத்த முறை கெண்டைத் தலைக் குழம்பு சாப்பிடும்போது நறுக்கென்று எதிலாவது கடிபட்டால் சமையல் செய்தவரைத் திட்டாதீர்கள். அது மீனின் கடைவாய்ப் பல்.

நடுவில் ஒரு எச்சரிக்கை. ஜிலேபிக் கெண்டைக்கு பெயரில்தான் கெண்டை. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த வேறு ஜாதி. அதற்கு வயிறு உண்டு, அதில் சுரக்கும் ஆசிட் மிகக் கடுமையானது. பாசியின் தோலையே கரைத்துவிடும். எந்தச் சாக்கடைத் தண்ணீரிலும் அது கொழுகொழுவென்று வளர்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

குடலின் நீளத்தைப் பார்த்தாலே ஒருத்தன் சைவமா அசைவமா என்று ஜாதகம் சொல்லிவிடலாம். மாமிசம் சுலபமாகக் கரையும், அதற்குக் குட்டைக் குடல் போதும். விராலின் குடல் அதன் உடம்பை விடக் குட்டை. புல், பாசி, சேறு தின்பதற்கு நீளம் வேண்டும். ரோகுவின் குடல் உடம்பைப் போலப் பல மடங்கு; சுருட்டிச் சுருட்டி உள்ளே திணித்து வைத்திருக்கிறது. அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் கிடைக்கும் மடவை மீன் இன்னும் ஒரு படி மேலே. அது சேற்றையும் மணலையும் சேர்த்து அள்ளித் தின்னும். அதன் வயிற்றின் ஒரு பகுதி கோழியின் அரைவைப்பை மாதிரி கெட்டிச் சதை. விழுங்கிய மணலையே அரைக்கும் கல்லாக வைத்துக்கொண்டு மற்றதை அரைத்துவிடும். மடவையைச் சரியாகக் கழுவாமல் குழம்பு வைத்தால் நறநறக்கிறது என்று வீட்டில் சண்டை வருமே, அதன் மூலகாரணம் இதுதான்.

இதைவிட அதிசயம் தவளை. பாகூர்ப் பக்கம் நடவு வயலில் தலைப்பிரட்டையைப் பார்த்திருப்பீர்கள். வயிற்றுத் தோல் வழியாகவே உள்ளே கொசுவர்த்திச் சுருள் மாதிரி ஒன்று தெரியும். அதுதான் குடல். தலைப்பிரட்டை பாசி தின்னும் சைவம். கால் முளைத்து, வால் விழுந்து, தவளையாகிப் பூச்சி தின்ன ஆரம்பிப்பதற்குள் அந்தக் குடல் முக்கால்வாசி சுருங்கிவிடும். சைவத்திலிருந்து அசைவத்துக்கு மாற நம்மில் பலருக்கு ஒரு பிரியாணிப் பொட்டலம் போதும். தவளைக்குக் குடலையே மாற்றிக் கட்ட வேண்டியிருக்கிறது.

சுறாவின் கதை தனி. பால் சுறாவில் புட்டு செய்து சாப்பிடத் தெரிந்த நம் ஊர்க்காரர்கள் அதன் குடலைக் கவனித்ததில்லை. வெளியே பார்க்கக் குட்டையான குழாய். உள்ளே சுழல் மாடிப்படி. மணிக்கூண்டில் ஏறுகிற மாதிரி சாப்பாடு சுற்றிச் சுற்றி இறங்க வேண்டும். இடம் குறைவு, பயணம் நீளம். 2021-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் சுறாக் குடல்களை ஸ்கேன் செய்து, தண்ணீர் விட்டுப் பார்த்து, இது ஒரு வழிப் பாதை மாதிரி வேலை செய்கிறது என்றார்கள். முன்னால் சுலபமாகப் போகும், பின்னால் வராது. நிகோலா டெஸ்லா 1920-ல் பேட்டண்ட் வாங்கிய ஒரு வால்வும் இதே தத்துவம்தான். அசையும் பாகம் ஒன்றுகூட இல்லாத வால்வு. டெஸ்லாவுக்குப் பல கோடி வருஷம் முன்னாலேயே சுறா அதை வயிற்றில் வைத்துக்கொண்டு, பேட்டண்ட் எடுக்காமல் சுற்றிக்கொண்டிருந்தது.

கிளிமீனையும் சொல்லிவிட வேண்டும். பவளப் பாறையைக் கிளி மூக்கால் கடித்து, தொண்டைப் பல்லால் அரைத்து, அதிலுள்ள பாசியை எடுத்துக்கொண்டு, மீதியை வெள்ளை மணலாகப் பின்பக்கம் விட்டுவிடும். பெரிய மீன் ஒன்று வருஷத்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ உற்பத்தி செய்கிறது. மாலத்தீவுக்கு ஹனிமூன் போய், புது மனைவியோடு அந்த வெண்மணலில் கால் பதித்து போட்டோ எடுத்துக்கொண்ட நண்பனிடம் இதைச் சொன்னேன். இப்போது அவன் என் போனை எடுப்பதில்லை.

சரி, உள்ளே போனது எப்படி நகர்கிறது? மேலே போட்டால் கீழே வருகிறது, இதில் என்ன இருக்கிறது என்று பலரும் நினைக்கிறோம். அப்படியானால் மீன் படுக்கை வசத்தில் இருக்கிறதே, அதற்கு? மாடு தலையைத் தரையில் வைத்துக்கொண்டு தண்ணீர் குடிக்கிறதே, தண்ணீர் மேலே ஏறுகிறதே, அதற்கு? நீங்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு வாழைப்பழம் விழுங்கினாலும் அது வயிற்றுக்குத்தான் போகும். (வீட்டில் யாரும் இல்லாதபோது செய்து பார்க்க வேண்டாம். புரை ஏறினால் தூக்கிவிட ஆள் வேண்டும்.)

நகர்த்துவது தசை. பற்பசை டியூபைப் பின்னாலிருந்து பிதுக்குகிற மாதிரி, உணவுக்குப் பின்னால் குழாய் இறுகும், முன்னால் தளரும். இறுக்கம் அலையாக ஓடும். 1899-ல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரண்டு பேர் இந்தச் சட்டத்தை எழுதி வைத்தார்கள். குடலுக்குப் போகும் நரம்புகளை எல்லாம் வெட்டி விட்டாலும் அலை ஓடுகிறது என்பதுதான் அவர்களை ஆச்சரியப்படுத்தியது. குடல் சுவருக்குள்ளேயே பத்துக் கோடிக்கும் மேல் நரம்புச் செல்கள் இருக்கின்றன. தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வராவிட்டாலும் வேலை நடக்கிற ஒரே கிளை அலுவலகம் அதுதான். மீன்காரம்மா உருவிப் போட்ட குடல் சிமென்ட் தரையில் கொஞ்ச நேரம் நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். காரணம் இதுதான்.

நமக்கு இந்தப் பயணம் அபிஷேகப்பாக்கத்திலிருந்து பாண்டிச்சேரிக்கு டவுன் பஸ்ஸில் போகிற மாதிரி. தொண்டையிலிருந்து வயிறு வரை 25 சென்டிமீட்டர், பத்து செகண்டுக்குள் முடிந்துவிடும். வயிற்றில் இரண்டிலிருந்து நாலு மணி நேரம் நிறுத்தம். வாசலில் ஒரு கறாரான கண்டக்டர் நிற்கிறார், நன்றாகக் கூழானதை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி விடுவார். எண்ணெய்ப் பலகாரம் வந்தால் இன்னும் தாமதம். அதனால்தான் டீக்கடை பஜ்ஜி ராத்திரி வரை 'நான் இங்கேதான் இருக்கேன்' என்று ஏப்பத்தில் ஆஜர் கொடுக்கிறது. அப்புறம் சிறுகுடல், சுமார் ஆறு மீட்டர். பெருங்குடல் ஒன்றரை மீட்டர்தான், ஆனால் அங்கேதான் டிராபிக் ஜாம். ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். காலையில் காபி, இட்லி உள்ளே போனதும் அவசரமாக எழுந்து ஓடுகிறீர்களே, அந்த இட்லி உடனே வெளியே வருவதாக அர்த்தமில்லை. புது டிக்கெட் ஏறியது தெரிந்ததும் கடைசி ஸ்டாப்பில் நிற்பவர்களைக் குடல் பிடித்துத் தள்ளுகிறது, அவ்வளவுதான்.

ஆறு மீட்டர் என்றதும் எனக்கு எங்கள் பக்கத்து சிங்கிரிகுடி நரசிம்மர்தான் ஞாபகத்துக்கு வருவார். பதினாறு கைகளோடு இருக்கும் உக்கிரமூர்த்தி. இரணியனின் குடலை உருவி மாலையாகப் போட்டுக்கொண்ட கதை சின்ன வயசில் கேட்டபோது, குடல் எப்படி மாலை அளவுக்கு வரும் என்று சந்தேகமாக இருந்தது. கணக்குப் பார்த்தால் மாலை என்ன, கழுத்தில் ஏழெட்டுச் சுற்றுக்கே வரும். உயிரோடு இருக்கும்போது தசை இறுக்கத்தால் குடல் இதில் பாதி நீளம்தான் இருக்கும், உயிர் போனதும் தளர்ந்து நீளும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். மாலை போட்டது வதத்துக்குப் பிறகுதானே, கணக்கு சரியாகத்தான் வருகிறது.

வயிற்றுக்குள்ளே நடப்பதை முதலில் எட்டிப் பார்த்தவர்கள் பட்ட பாடு பெரிய கதை. பதினெட்டாம் நூற்றாண்டு வரைக்கும் வயிறு உணவை அரைக்கிறதா, கரைக்கிறதா என்று ஐரோப்பாவில் சண்டை. 1752-ல் ரியோமூர் என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு பருந்தைப் பிடித்தார். பருந்து, ஜீரணமாகாத எலும்பு, ரோமத்தை எல்லாம் கக்கிவிடும். சின்ன உலோகக் குழாயில் இறைச்சியை வைத்து, இரண்டு பக்கமும் வலை கட்டி விழுங்க வைத்தார். கக்கியபோது பார்த்தால் குழாய் நசுங்கவில்லை, இறைச்சி மட்டும் கரைந்திருந்தது. ஆக, ரசாயனம். அடுத்து வந்த இத்தாலியப் பாதிரியார் ஸ்பாலன்சானி பருந்தை நம்பவில்லை. சாப்பாட்டைத் துணிப்பையில் முடிந்து தானே விழுங்கி, மறுநாள் பின்பக்கமாக வந்த பையை அவிழ்த்துப் பார்த்தார். விஞ்ஞானத்துக்காக உயிரைக் கொடுத்தவர்கள் உண்டு. இவர் கொடுத்ததை என்னவென்று சொல்வது?

ஆனால் அசல் ஜன்னல் திறந்தது 1822 ஜூன் 6-ந் தேதி. அமெரிக்காவில் மாக்கினாக் தீவில், அலெக்ஸிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற படகுக் கூலிக்காரன் வயிற்றில் பக்கத்தில் நின்றவன் துப்பாக்கி தவறி வெடித்துவிட்டது. ராணுவ டாக்டர் வில்லியம் போமான்ட் ஓடிவந்து கட்டுப் போட்டார். பிழைக்க மாட்டான் என்றார். ஆள் பிழைத்துக்கொண்டான், ஆனால் ஓட்டை மூடவில்லை. வயிற்றின் விளிம்பு தோலோடு ஒட்டி, நிரந்தரமாக ஒரு ஜன்னல் ஆகிவிட்டது. போமான்ட் அவனை வீட்டு வேலைக்கு வைத்துக்கொண்டார். 1825-ல் ஆரம்பித்தது சோதனை. பட்டு நூலில் மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி, காய்ந்த ரொட்டி, முட்டைக்கோஸ் என்று கட்டி ஓட்டை வழியாக உள்ளே விடுவார், ஒரு மணி நேரம் கழித்து இழுத்துப் பார்ப்பார், திரும்ப விடுவார். விறகு வெட்டிக்கொண்டிருப்பவனைக் கூப்பிட்டு வயிற்றைக் காட்டச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? அந்தக் கோபத்தையும் டாக்டர் விடவில்லை. கோபம் வந்தால் ஜீரணம் கெடுகிறது என்று எழுதிக்கொண்டார். (மானேஜரிடம் திட்டு வாங்கிவிட்டு உடனே டிபன் டப்பாவைத் திறக்கிறவர்கள் கவனிக்க.) இருநூறுக்கும் மேற்பட்ட சோதனைகளோடு 1833-ல் போமான்ட்டின் புத்தகம் வந்தது, வயிற்றைப் பற்றி உலகத்துக்கு அதுதான் பால பாடம்.

டாக்டருக்குப் பெயர் கிடைத்தது. செயின்ட் மார்ட்டினுக்கு? அவன் நடுநடுவே ஊருக்கு ஓடிப் போவான், டாக்டர் ஆள் விட்டுத் தேடுவார். கடைசியில் டாக்டருக்குப் பின்னால் இருபத்தேழு வருஷம் வாழ்ந்து 1880-ல் செத்தான். ஆஸ்பத்திரிக்காரர்கள் வயிற்றைக் கேட்டு வந்துவிடுவார்கள் என்று குடும்பத்தினர் உடம்பை வேண்டுமென்றே அழுக விட்டு, தோண்டி எடுக்க முடியாத ஆழத்தில் புதைத்தார்கள். போமான்ட்டைப் பற்றிப் படிக்கிற இடத்தில் எல்லாம் எனக்கு அந்த ஆழமான குழிதான் மனசில் நிற்கிறது.

மற்ற பிராணிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எலியால் வாந்தி எடுக்க முடியாது, குதிரையாலும் முடியாது. மலைப்பாம்பு மாதக்கணக்கில் பட்டினி கிடந்து, ஒரு இரை விழுங்கியதும் குடலையே பெரிதாக்கிக்கொள்ளும். இதயம்கூட இரண்டே நாளில் 40 சதவிகிதம் பெருக்கிறது என்று 2005-ல் கண்டுபிடித்தார்கள். ஆனால் எந்தப் பாம்புக்கும் பாலை ஜீரணிக்க வழி கிடையாது. புற்றில் ஊற்றுகிற பால் எறும்புக்குத்தான். யானை நாளைக்கு 150 கிலோ தின்றாலும் பாதிக்கு மேல் ஜீரணம் ஆகாமலே போய்விடும். மணக்குள விநாயகர் கோயில் வாசலில் நம்மையெல்லாம் ஆசீர்வதித்துக்கொண்டிருந்த லட்சுமி, 2022 நவம்பர் 30-ந் தேதி காலமான அந்தச் செல்லம், போட்ட லத்தியில் நார் நாராக இருந்ததைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

மாட்டை மட்டும் வேகமாகச் சொல்ல முடியாது.

மாட்டுக்கு நாலு வயிறு என்று மூன்றாங்கிளாஸில் படித்தோம். முதல் வயிறு ஒரு பெரிய தொட்டி, நூறு லிட்டருக்கு மேல் பிடிக்கும். கறிக்கடையில் டர்க்கி டவல் மாதிரி தொங்குமே போட்டி, அதுதான். இரண்டாவது தேன்கூடு மாதிரி. மூன்றாவது புத்தகம் மாதிரி ஏடு ஏடாக. நாலாவதுதான் நம்முடையது மாதிரி ஆசிட் சுரக்கும் நிஜ வயிறு. வைக்கோலை ஜீரணிக்கிற சக்தி மாட்டுக்குக் கிடையாது. முதல் தொட்டியில் குடியிருக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்களுக்குத்தான் உண்டு. மாடு அவற்றுக்குச் சாப்பாடு போட்டு, சூடு கொடுத்து, நாளைக்கு நூறு லிட்டர் வரை எச்சில் ஊற்றி வளர்க்கிறது. அவை வைக்கோலைப் புளிக்க வைத்துக் கொடுக்கின்றன. கடைசியில் நாலாவது வயிற்றில் அவற்றையே ஜீரணித்து விடுகிறது. வாடகைக்கு வந்தவனையே சாப்பிடுகிற வீட்டுக்காரர்.

தொட்டியிலிருந்து மூன்றாவது வயிற்றுக்குப் போகும் வாசல் மிகக் குறுகல். சில மில்லிமீட்டர் அளவுக்கு அரைபட்டதுதான் போக முடியும். மற்றதெல்லாம் உருண்டையாக வாய்க்குத் திரும்பி வர வேண்டும், மென்று மறுபடி இறங்க வேண்டும். ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் மாட்டுக்கு இதே வேலை. நம் ஆபீஸ் நேரம்.

இப்போது ஒரு பாலிதீன் பை உள்ளே போகிறது என்று வையுங்கள். நுண்ணுயிரால் தின்ன முடியாது. அரைபடாது. எனவே வாசலைத் தாண்டாது. வாந்தியாகவும் வராது. அங்கேயே கிடக்கும். அடுத்த பை அதோடு பின்னிக்கொள்ளும். கயிறு, சாக்கு நூல் சேரும். வருஷக்கணக்கில் சேர்ந்து தொட்டி நிறைந்துவிடும். வயிறு நிறைந்திருக்கிறது என்று மாடு தீனியைக் குறைக்கும். வயிறு நிறையப் பட்டினி. 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரி கால்நடைக் கல்லூரியில் ஒரு பசுவுக்கு ஐந்து மணி நேரத்துக்கும் மேல் ஆபரேஷன் செய்து எடுத்த பிளாஸ்டிக் 52 கிலோ. ஒரு ஆள் எடை. தமிழ்நாட்டில் அந்தப் பைகளுக்குத் தடை வந்தது அதே வருஷம் ஜனவரி 1-ந் தேதி. தடை காகிதத்தில் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டது. மாட்டின் வயிற்றுக்கு அந்த காகிதம் போகவில்லை.

எங்கள் தெருவில் ஒரு பெரியம்மாவுக்கு ஒரே ஒரு கறவை. அந்தப் பாலில்தான் பேரனின் ஸ்கூல் பஸ் பணம் ஓடுகிறது. போன வருஷம் மாடு திடீரென்று அசை போடுவதை நிறுத்தியது. தீனியை முகர்ந்துவிட்டுத் தள்ளியது. இடது பக்கம் மட்டும் மத்தளம் மாதிரி உப்பல். தெருவில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். வெற்றிலை, மிளகு, விளக்கெண்ணெய், கண்ணேறுக்கு மிளகாய். நான் கால்நடை டாக்டரைக் கூட்டி வந்தேன்.

அவர் ஸ்டெதஸ்கோப்பை எடுப்பதற்கு முன்னால் இடது விலாவுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் முஷ்டியை அழுத்தி வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். நல்ல மாட்டுக்கு நிமிஷத்துக்கு ஒன்று, இரண்டு தடவை உள்ளேயிருந்து ஒரு அலை வந்து கையைத் தள்ளுமாம். மூன்று நிமிஷம் நின்றார். ஒன்றும் வரவில்லை.

"பொங்கச்சோறு, கல்யாணச் சோறு ஏதாவது போட்டீங்களாம்மா?"

"இல்ல சார். வைக்கோலும் தவிடும்தான்."

அது ஏன் கேட்டார் என்று பிறகு சொன்னார். மாட்டுப் பொங்கலன்று பாசத்தோடு பானைப் பொங்கலை ஊட்டுகிறோமே, அது தொட்டியில் சரசரவென்று புளித்து ஆசிட் ஆகிவிடும். குடியிருக்கிற நுண்ணுயிர் எல்லாம் செத்துப் போகும். பிறகு மாடு. ஒவ்வொரு தை மாதமும் கால்நடை டாக்டர்கள் இதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒரு கவளம் போதும், வேண்டுதலுக்கு. மீதியை நாம் சாப்பிடலாம். நமக்குத்தான் ஒரே வயிறு, அதில் ஏற்கெனவே ஆசிட்.

இந்த மாட்டுக்குப் பொங்கல் இல்லை, பை. வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்றார். மாட்டுக்கு இந்த ஆபரேஷன் படுக்க வைத்துக்கூட இல்லை. நின்றபடியே, இடது பக்கம் மட்டும் மரத்துப் போக ஊசி போட்டு, தோலைக் கீறி, தொட்டியைக் கீறி, தோள் வரை கையை விட்டு எடுக்கிறார்கள். மாடு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. பெரியம்மா அதன் தாடையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்லடி, ஒண்ணுமில்லடி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். டாக்டர் எடுத்துப் போட்டது முதலில் ஒரு கறுப்புப் பந்து. அவிழ அவிழத்தான் தெரிந்தது: தயிர் பாக்கெட், பரோட்டா பார்சல் கட்டிய பை, நைலான் கயிறு, யாரோ கல்யாணத்துக்குக் கொடுத்த தாம்பூலப் பை. அதில் மணமக்கள் பெயர்கூட அழியாமல் இருந்தது. சுற்றி நின்ற ஜனம் சத்தமில்லாமல் ஒவ்வொருவராகக் கலைந்து போனது. ஒரு கம்பித் துண்டும் வந்தது. அதை டாக்டர் தனியாக எடுத்துக் காட்டினார். கம்பி, ஆணி எல்லாம் இரண்டாவது வயிற்றில் போய் விழும். அங்கிருந்து மாட்டின் இதயம் நாலு விரற்கடை தூரம்தான். ஒவ்வொரு அலையும் கம்பியை முன்னால் தள்ளும். வெளிநாட்டில் இதற்காகவே மாட்டுக்கு ஒரு காந்தத்தை விழுங்க வைத்துவிடுகிறார்களாம், கம்பியைப் பிடித்து வைத்துக்கொள்ள.

தையல் போட்டு முடித்துக் கையைக் கழுவிக்கொண்டே டாக்டர் சொன்னார்: "ரெண்டு மூணு நாள்ல அசை போடணும். போட்டுட்டா பொழச்சுது. ஒரு உருண்டைக்கு நாப்பது, ஐம்பது தடவையாவது மெல்லணும். எண்ணிப் பாருங்க."

முதல் நாள் இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் நான் ஆபீஸ் விட்டு வந்து ஷூவைக்கூடக் கழற்றவில்லை, பேரன் ஓடிவந்தான்.

"மாமா, ஆயா ஒன்ன வரச் சொல்லிச்சி. சத்தம் போடாம வரணுமாம்."

கொட்டகையில் மாடு படுத்திருந்தது. பெரியம்மா எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பேசாதே என்று கையைக் காட்டினார். மாட்டின் கழுத்தில், தாடைக்குக் கீழே, ஒரு உருண்டை மெல்ல மேலே ஏறியது தெரிந்தது. கீழ்த்தாடை பக்கவாட்டில் நகர ஆரம்பித்தது. பெரியம்மா விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார்.

"...நாப்பத்தியாறு, நாப்பத்தியேழு, நாப்பத்தியெட்டு..."